கோபுரம் இல்லாத ஓடுபாதையில் யாருக்கு முன்னுரிமை?

கேள்வி: அமெரிக்காவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையங்களில், கருவிகளின் துணையோடு நேராக இறங்க வரும் விமானத்துக்கு, சுற்றுவட்டத்திலுள்ள (இறங்குமுன் ஓடுபாதையை ஒட்டிச் சுற்றிவரும் வழக்கமான பாதை) சிறு விமானங்கள் வழிவிட வேண்டுமா?

பதில்: அப்படி ஒரு தனிச் சலுகை கிடையாது. கருவி வழி இறங்க அனுமதி பெறுவது, கருவி விதிப்படி பறக்கும் மற்ற விமானங்களிடமிருந்து இடைவெளியைத் தருமே தவிர, கண்ணால் பார்த்துப் பறப்பவர்களை விலக்கி வைக்காது. சுற்றுவட்டத்தில், வேறு குறியீடு இல்லாவிடில், எல்லாத் திருப்பங்களும் இடப்புறமே. பரிந்துரைக்கப்படும் உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 1,000 அடி. இறங்க வரும் இரண்டில் தாழ்வாக உள்ளதற்கே முன்னுரிமை என்றாலும், அதைச் சாக்காக வைத்து இன்னொன்றின் முன்னால் குறுக்கே புகுவதை அதே விதி தடுக்கிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வானொலிப் பேச்சுதான். நேராக வரும் விமானி, கருவி வழி இறங்குவதற்கான வரைபடத்திலுள்ள ஒரு புள்ளியின் பெயரை மட்டும் சொன்னால், அந்த வரைபடத்தையே பார்த்திராத பயிற்சி மாணவருக்கு எதுவும் விளங்காது. "வடக்கே 5 மைல், நேராக இறங்குகிறேன்" என்றால் அவர் உடனே அந்தத் திசையில் தேடுவார். வானொலியே இல்லாத விமானமும் அங்கே சட்டப்படி பறக்கலாம் என்பதால், பேச்சு ஒருபோதும் பார்வைக்கு ஈடாகாது.

2022 ஆகஸ்ட் 18 அன்று கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், நேராக வேகமாக வந்த செஸ்னா 340, சுற்றுவட்டத்திலிருந்த செஸ்னா 152 மீது மோதி மூவர் இறந்தனர். இரு விமானிகளும் தங்கள் இருப்பிடத்தை வானொலியில் அறிவித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.