முதல் ஆர்சி விமானத்துக்கு (ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம்) மின்மோட்டாரா, இன்ஜினா?

கேட்டவர் கல்லூரி மாணவர் என்று நினைக்கிறேன். கையில் காசு கம்மி, வீட்டில் அனுமதி அதைவிடக் கம்மி. அப்படியென்றால் மோட்டார்தான்.

உடனே ஒருவர் வந்து 'இன்ஜின் தொட்டுப் பார்க்காத ஆள்' என்பார். ஐயா, மெத்தனாலில் ஓடும் குட்டி மாடல் இன்ஜினான குளோ இன்ஜினை, நாற்பது சைஸ், அதாவது 6.5 சிசி, ஆறு வருஷம் ஓட்டியவன் நான். ஒரு கிலோ மெத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு கிலோ லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் இருப்பதைவிட 20 மடங்குக்கு மேல் என்பதும், அதில் பெரும்பங்கு வெறும் சூடாகவே போகும் என்பதும் தெரியும். எரிபொருளில் விளக்கெண்ணெய் வேறு கலந்திருக்கும். ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குப் போனால் அம்மா சட்டையை மோந்து பார்த்து, "எந்தப் பிள்ளைக்குடா பேதிக்குக் கொடுத்துட்டு வர்றே?" என்பார்.

ஒரு பங்குனியில் நாகமலை பக்கம் வறண்ட கண்மாய்க்குள் நின்று அரைமணி நேரமாக புரொப்பல்லரைச் சுண்டிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் தெர்மாகோல் விமானத்தில் பேட்டரியை மாட்டினான், பறந்தான், இறங்கினான். "மாமா, எனக்கு மூணு ரவுண்டு முடிஞ்சிருச்சு." ரோஷம் வந்துவிட்டது. இன்ஜின் பிடித்ததும், விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்து இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று சோதிக்காமலே ஓடவிட்டேன். மூக்கு மேலே போனால் டேங்க் கார்புரேட்டருக்குக் கீழே போகும், எரிபொருள் வரத்து குறையும். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை ஏற்கெனவே இறுக்கி வைத்திருந்தால் அவ்வளவுதான். ஒரு பனை உயரத்தில் மூச்சு நின்றது. அவசரமாகத் திருப்பினேன், சீமைக்கருவேலத்துக்குள் செருகிக்கொண்டது. இரண்டு மணி நேரம் முள்ளில் தேடி, இறக்கையை இரண்டு துண்டாக எடுத்து வந்தோம்.

அந்தக் கண்மாயில் இப்போது பாதி குப்பை. வரத்துக் கால்வாயை மறித்து பிளாட் போட்டுவிட்டு, மழை பெய்தும் கண்மாய் நிறையவில்லை என்று பேசுகிறார்கள். சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

மோட்டார் மட்டும் சாதுவா என்ன? சித்திரை வெயிலில் காருக்குள் மறந்து வைத்த லிப்போ பன் மாதிரி உப்பிவிட்டது. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், முழு சார்ஜான 4.2-இல் வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். மதுரையில் பெருங்குடி, அவனியாபுரம் பக்கம் பறக்கவிடவே வேண்டாம், விமான நிலையம் இருக்கிறது.

வீட்டில் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். இன்ஜினும் வெட்டும்தான், ஆனால் தடுத்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். மோட்டார் கூடுதல் கரண்டை இழுத்துக்கொண்டு சுற்றப் பார்க்கும். என் ஆள்காட்டி விரலில் இருக்கும் மூன்று தையலும் மோட்டார் போட்டது.