டெட் காப்பல் ஏன் பெரிய ஆளு?

சார், அமெரிக்க டிவி நிருபர் டெட் காப்பல் நடத்தின பழைய நைட்லைன் செய்தி நிகழ்ச்சி சிலது யூட்யூப்ல பார்த்தேன். நம்மூர் விவாதம் பார்த்துப் பழகின எனக்கு ஒரே ஸ்லோ. குரலைக்கூட உயர்த்த மாட்டேங்கிறார். இவரை எதுக்கு இவ்ளோ தூக்கி வச்சுப் பேசறாங்க?
- ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

ஸ்லோதான், ஒத்துக்கறேன். ஆனா ஆள் எங்கேர்ந்து வந்தார்னு பாருங்க. 1963ல அமெரிக்காவோட ஏபிசி செய்தி நிறுவனத்துல சேர்ந்து, வியட்நாம் போய், அதோட ஹாங்காங் அலுவலகத்தைப் பார்த்துக்கிட்டு, அப்புறம் எழுபதுகள்ல வெளியுறவுத் துறை நிருபரா, அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த கிஸ்ஸிஞ்சர் பின்னாடியே ஊர் ஊரா சுத்தினவர் (நடுவுல மனைவி சட்டம் படிக்கணும்னு வேலையைக் குறைச்சுக்கிட்டு வீட்ல புள்ளைங்களைப் பார்த்துக்கிட்டார், அந்தக் காலத்துல!). 1979 நவம்பர்ல தெஹ்ரான்ல அமெரிக்கத் தூதரகத்தைப் புடிச்சதும் ஏபிசி தினம் ராத்திரி அதுக்குன்னே ஒரு நிகழ்ச்சி போட்டுச்சு, முதல்ல வேற ஒருத்தர்தான் நடத்தினார், இவர் மாத்து ஆளா வந்து உக்காந்தவர், 1980 மார்ச்ல அதுவே நைட்லைன் ஆச்சு, 2005 வரைக்கும் சீட்டை விடல.

அங்க பெரும்பாலும் விருந்தினர் அவர் பக்கத்துல உக்கார மாட்டாங்க, கவனிச்சீங்களா? ஒரே பில்டிங்ல இருந்தாலும் வேற ரூம். அவங்களுக்கு காதுல அவர் குரல், முன்னாடி கேமரா, அவ்ளோதான். அவருக்கு மட்டும் அவங்க மூஞ்சி தெரியும். அப்புறம் எதுக்கு கத்தணும்? 1985ல தென்னாப்பிரிக்கா போய் நிறவெறியை எதிர்த்த பிஷப் டெஸ்மண்ட் டுட்டுவையும் அந்த நிறவெறி அரசோட வெளியுறவு அமைச்சர் பிக் போத்தாவையும் ஒரே நிகழ்ச்சியில பேச வச்சார். இன்னிக்கு நம்ம சேனல்கள் போடற ஆறு கட்டத்துக்கு இதுதான் தாத்தா. கட்டம் வந்துச்சு, அந்த நிருபர் அனுபவம் வரல.

அந்த அனுபவத்துக்கே இன்னொரு பக்கமும் இருக்கு. 1989ல ஃபேர்ங்கிற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு 40 மாச நைட்லைனை எண்ணிப் பார்த்துச்சு, அடிக்கடி வந்த விருந்தாளிங்க வரிசைல மேல நின்னது கிஸ்ஸிஞ்சரும் ஹேகும், ரெண்டு பேருமே முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள். கிஸ்ஸிஞ்சர் இவருக்கு நண்பர் வேற. ஒரே துறைச் செய்தியையே ரொம்ப வருஷம் பார்த்துக்கிட்டிருந்தா அங்க பழகினவங்கதான் உலகம்னு ஆயிடும், என் கணக்குல அது பெரிய குறைதான்.

ஆனா 63 வயசுல, 2003 ஈராக் படையெடுப்புல ராணுவத்தோடயே கிளம்பிப் போனார். அடுத்த வருஷம் ஏப்ரல் 30 அன்னிக்கு அங்க செத்த 700க்கு மேல அமெரிக்க வீரர்களோட பேரை ஒண்ணொண்ணா வாசிச்சார், நிகழ்ச்சியே அதுதான். இது போர் எதிர்ப்பு அரசியல்னு உள்ளூர் டிவி ஸ்டேஷன்கள் நடத்தற சின்க்ளேர் நிறுவனம், தன்கிட்ட இருந்த, ஏபிசி நிகழ்ச்சிகளைப் போடற ஸ்டேஷன்கள்ல போட மாட்டேன்னுடுச்சு. அதுக்கு சின்க்ளேரைக் கண்டிச்சு கடிதம் எழுதினது யாருன்னா, போரை ஆதரிச்ச குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன்.