நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை அப்பாவைக் குழப்புகிறதே, நிறுத்திவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஒரு வருடமாக இரண்டு கையும் நடுங்குகின்றன, நடையும் மெதுவாகிவிட்டது. பார்க்கின்சன் மாதிரி இருக்கிறது என்று சொல்லி டாக்டர் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி. மூன்று வேளை எழுதிக்கொடுத்தார். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் மூன்று வாரமாக வாய் காய்கிறது, மலச்சிக்கல் வேறு, இப்போது ராத்திரி எழுந்து உட்கார்ந்து அறையில் யாரோ நிற்கிறார்கள் என்கிறார். வேறு மாத்திரை என்று பார்த்தால் தலைசுற்றலுக்குச் சின்னரிசின் மட்டும் ரொம்ப நாளாகப் போடுகிறார். இந்தப் புது மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அதற்காக அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். இல்லாத ஆளைப் பார்ப்பது இந்த மருந்தின் பக்கவிளைவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வாய் காய்வதையாவது கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம், இது அப்படிப் பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

பார்க்கின்சனில், அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறையும்போது அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் கை ஓங்கிவிடுகிறது. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அந்த அசிட்டைல்கோலினைத்தான் அடக்குகிறது, டோபமைனைக் கூட்டுவதில்லை. அதனால் நடுக்கத்துக்கு நன்றாகக் கேட்கும், விறைப்பும் ஓரளவு தளரும், ஆனால் நடை மெதுவாவதற்கும் தடுமாறி விழுவதற்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அப்பாவின் நடை இன்னும் அப்படியே இருந்தால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்துக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், உமிழ்நீர் சுரப்பது, குடல் நகர்வது, சிறுநீர்ப்பை சுருங்குவது, வியர்ப்பது, கிட்டத்தில் உள்ள எழுத்து தெளிவாகத் தெரிவது, நினைவாற்றல் என்று உடம்பில் பாதி வேலை அதே அசிட்டைல்கோலினை நம்பித்தான் நடக்கிறது. இளம் வயதில் இந்த அடியை மூளை தாங்கிக்கொள்ளும், எழுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கையிருப்பு குறைவு. வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் வைத்திருக்கும் பியர்ஸ் பட்டியலில் இது பெயர் சொல்லியே இருக்கிறது. பொதுவாக ஒரு நாளைக்கு 1 மி.கி. என்று ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். எடுத்த எடுப்பில் 6 மி.கி. கொடுத்திருந்தால், இந்த வயதுக்கு அது கொஞ்சம் வேகம்தான்.

அப்படியென்றால் ஏன் சட்டென்று நிறுத்தக் கூடாது? திடீரென்று விட்டால் நடுக்கமும் விறைப்பும் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம், அரிதாகக் கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக ஆபத்தில் கொண்டுபோய் விடும். டாக்டர் படிப்படியாகக் குறைக்கச் சொல்லலாம், மனக்குழப்பத்தின் அளவைப் பார்த்துக் கொஞ்சம் சீக்கிரமாகவே குறைக்கவும் சொல்லலாம். அந்தக் கணக்கை அவர் போடட்டும்.

சரி, இப்போது நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், என் பார்வையில் அதுதான் முக்கியம். சின்னரிசின் டோபமைனின் வேலையைத் தடுக்கக்கூடியது. வயதானவர்கள் அதை மாதக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரையே பார்க்கின்சன் மாதிரியான நடுக்கத்தையும் மந்தத்தையும் உண்டாக்கிவிடலாம். உண்மையான பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். மருந்தால் வருவது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பது வழக்கம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான், ஆனால் இரண்டு கையும் நடுங்குவதாக நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம் வருகிறது. போதாததற்குச் சின்னரிசினுக்கே அசிட்டைல்கோலினை அடக்கும் குணமும் கொஞ்சம் உண்டு, ஆக வாய் காய்வதிலும் குழப்பத்திலும் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஒரு மாத்திரை கிளப்பிய தொல்லையை அடக்க இன்னொரு மாத்திரை என்று போய்க்கொண்டே இருப்பதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். காரணமான மருந்தை டாக்டர் நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து பல மாதங்களுக்குள் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். குறையாவிட்டால் அடியில் உண்மையான பார்க்கின்சன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்கு இந்த வயதில் முதல் மருந்து பொதுவாக லெவோடோபாதான்.

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனரிசின், வயிற்றுக்கான லெவோசல்பிரைடு எல்லாம் இதே வேலையைச் செய்யக்கூடியவை. மனநோய்க்குப் போடும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோனும் அப்படித்தான். ஆனால் அவற்றைப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், அது வேறு பெரிய வம்பு. அப்புறம், சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரையும், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் அப்பாவின் குழப்பத்தை இன்னும் கூட்டும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும், பாதி தீர்ந்ததைக்கூட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போங்கள்.

ராத்திரி யாரோ நிற்கிறார்கள் என்றால் வாதாடாதீர்கள். விளக்கைப் போட்டு, நான் இருக்கிறேன் என்று சொல்லி உட்கார வையுங்கள், தனியாக நடக்க விடாதீர்கள். வெயிலில் ரொம்ப நேரம் இருக்கவும் விடாதீர்கள், வியர்க்காததால் உடம்பு சூடேறிவிடும். சிறுநீர் சுத்தமாக வராமல் அடிவயிறு உப்புவது, கண் சிவந்து கடுமையாக வலித்துப் பார்வை மங்குவது, காய்ச்சலோடு உளறுவது, இவற்றில் எது வந்தாலும் போன் பண்ணிக்கொண்டு நிற்காமல் அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.

டாக்டரிடம் பேசும்போது புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ ஏற்கெனவே இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்னரிசின் எத்தனை மாதமாக ஓடுகிறது, நடுக்கம் அதற்கு முன்பா பின்பா என்பதையும், அப்பா கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், எப்போது மலம் கழித்தார் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டு போனை எடுங்கள்.