மூன்று நாளில் அருஷாவிலிருந்து செரங்கெட்டி: பிப்ரவரி என்றால் திட்டத்தை மாற்றுங்கள்

பிப்ரவரியில் மூன்று நாள் இரண்டு இரவு, தான்சானியாவின் அருஷா நகரில் ஜீப் எடுத்து செரங்கெட்டி பூங்காவின் நடுவிலுள்ள செரோனேரா வரை போய், திரும்பும்போது ங்கொரொங்கோரோ என்ற பழைய எரிமலைப் பள்ளத்திலும் இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் பாதி நேரம் வண்டியிலேயே கழியும். அருஷாவிலிருந்து செரோனேரா 300 கிலோமீட்டருக்கு மேல். கராட்டு ஊரைத் தாண்டி, ங்கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் நுழையும் லோடுவாரே வாயில் வரைதான் தார்ச்சாலை. அப்புறம் மண்சாலை, குலுக்கல், புழுதி.

அந்த மாதத்தில் வில்டபீஸ்ட் என்னும் காட்டுமாடுகள் கன்று போடுவது தெற்கே ண்டுட்டு புல்வெளியில். ஆகவே இரண்டு இரவும் ண்டுட்டுவில் தங்குங்கள். ண்டுட்டுவில் ங்கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் எல்லைக்குள்ளேயே தங்கிச் சுற்றினால் செரங்கெட்டி நுழைவுக் கட்டணமும் மிச்சம்.

மூன்றாம் நாள் விடியலில் கிளம்பினால் பள்ளத்தில் இறங்கும் செனெட்டோ பாதை வழியிலேயே வரும். ஏறுவது லெராய் வழியாக. பள்ளத்துக்கு வண்டிக்குத் தனிக் கட்டணம்.

பலர் ஏமாறுவது ங்கொரொங்கோரோ அனுமதிச் சீட்டில். அது 24 மணி நேரக் கணக்கு. முதல் நாள் காலை 10 மணிக்கு நுழைந்து மூன்றாம் நாள் பிற்பகல் 2 மணிக்கு வெளியேறினால் மூன்று நாள் கட்டணம். பயண நிறுவனத்தார் தரும் விலைப்பட்டியலில் எத்தனை நாள் கட்டணம் போட்டிருக்கிறார்கள் என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

பள்ளத்தின் விளிம்பு 2,200 மீட்டர் உயரம், காலையில் நடுங்கும். ஸ்வெட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்டி வேண்டாம், துணிப்பைதான் ஜீப்பின் பின்புறம் அடங்கும். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே 2019 முதல் தடை. நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி வந்தால் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழும் கேட்பார்கள்.