கார் ஏசி பிரஷர் சென்சார்: இந்த தடவை வந்த கேள்விகள்

பிரஷர் ஸ்விட்ச், பிரஷர் சென்சார் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்ல. ஸ்விட்ச்சுக்கு ஆன், ஆஃப் மட்டும்தான் தெரியும். சென்சாருக்கு பெரும்பாலும் மூணு ஒயர், 5 வோல்ட், எர்த், சிக்னல். உள்ள இருக்கிற டயாஃப்ரம்ங்கிற மெல்லிசு தகடு கேஸ் பிரஷருக்கு தகுந்த மாதிரி வளையும், சிக்னல் அரை வோல்ட்ல இருந்து நாலரை வோல்ட் வரைக்கும் ஏறி இறங்கும். அத பாத்துத்தான் ஈசியு, அதாவது வண்டியோட கம்ப்யூட்டர், கேஸ அழுத்தி சுத்த விடுற கம்ப்ரசர ஓட விடுறதும் ஃபேன் வேகத்த கூட்டுறதும்.

ஏசி வரல. சென்சார் மாத்தினா சரியாகுமா?

என்ன வண்டின்னு எழுதல, கேஸ் இருக்கான்னு எழுதல, கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டி கம்ப்ரசர் சுத்துதான்னும் எழுதல. நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? முதல்ல கேஜ் (கேஸ் பிரஷர் காட்டுற மீட்டர்) போட்டு பாருங்க.

சென்சார் பிளக்க கழட்டி ரெண்டு பின்ன ஒயர் வச்சு ஷார்ட் பண்ணா கம்ப்ரசர் ஓடும்னு மெக்கானிக் சொல்றார், பண்ணலாமா?

பண்ணாதீங்க! எத்தன தடவ எழுதுறது இத. பழைய ரெண்டு பின் ஸ்விட்ச்சுல ஷார்ட் பண்ணா ஓடும்தான், யாரு இல்லன்னு சொன்னா, ஆனா அது ஏன் கட் பண்ணுச்சுன்னு யோசிச்சீங்களா? கேஸ் பிரஷர் 2 பாருக்கு கீழ போனா கட் பண்ணும், ஏன்னா கம்ப்ரசருக்கு ஆயில் கொண்டு வர்றதே கேஸ்தான், கேஸ் இல்லாம ஓட்டினா ஆயிலும் வராது, காஞ்சு போய் ஜாம் ஆகி உள்ள தேயுற மெட்டல் தூள் கேஸ ஆற வைக்கிற கண்டென்சர் வரைக்கும் போய் அடைச்சுக்கும், அப்புறம் சிஸ்டம் மொத்தமும் செலவு. மேல 30 பார் பக்கம் போனாலும் கட் பண்ணும், அதையும் ஷார்ட் பண்ணி ஓட்டினா ஹோஸ் வெடிக்கலாம், பக்கத்துல நிக்கிறது நீங்கதான். மூணு ஒயர் சென்சார்ல இன்னும் மோசம், 5 வோல்ட்ட எர்த்தோட சேத்துட்டா அதே லைன்ல இருக்கிற மத்த சென்சாரும் படுத்துக்கும், சில வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. என்கிட்ட ஒரு வண்டி அப்படித்தான் வந்துச்சு, ஏசி கம்ப்ளெயின்ட்னு போன வண்டி டோ பண்ணி வந்துச்சு. கேஜ் போட்டு பாக்க அஞ்சு நிமிஷம் ஆகுமாய்யா?

டிராஃபிக் சிக்னல்ல நின்னா கூலிங் கட் ஆகுது, ஓடினா நல்லா இருக்கு.

கண்டென்சர் ஃபேன பாருங்க. நிக்கும்போது காத்து இல்லாம பிரஷர் ஏறுது, சென்சார் சொல்லுது, ஈசியு கட் பண்ணுது. சென்சார் மேல தப்பில்ல. கேஸ் ஓவரா ஏத்தியிருந்தாலும் இதே கதைதான்.

சென்சார் நல்லா இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

என்ஜின் ஆஃப்ல, வண்டி ஆறினப்புறம் ஈசியுவ படிக்கிற ஸ்கேனர்ல வர்ற ரீடிங்கையும் கேஜையும் ஒப்பிடுங்க. ஆர்134ஏ கேஸ் 30 டிகிரியில கிட்டத்தட்ட ஆறரை, ஏழு பார் காட்டும். சில ஸ்கேனர் வெளிக்காத்து பிரஷரையும் சேத்து 1 பார் கூட காட்டும், அதுக்காக சென்சார தூக்கி போட்டுடாதீங்க. இன்னொண்ணு, ஏழு பார் இருக்குன்னா கேஸ் ஃபுல்லுன்னு அர்த்தம் இல்ல, உள்ள கொஞ்சம் லிக்விட் மிச்சம் இருந்தாலே அதே பிரஷர்தான் காட்டும்.

கழட்டினா கேஸ் போயிடுமா?

நிறைய வண்டியில அடியில தானா மூடிக்கிற வால்வு பின் இருக்கும், போகாது. எல்லாத்துலயும் இருக்காது, மேனுவல் பாத்துட்டு கை வைங்க. கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கிளவுஸ் கட்டாயம். ஓ-ரிங் புதுசு போடுங்க, ஏசி ஆயில் தடவி.

சென்சார பெட்ரோல் ஊத்தி கழுவலாமா?

எதுக்கு? பின்ல பச்சை பூத்திருந்தா காண்டாக்ட் கிளீனர் அடிங்க, போதும்.