தலைமாட்டுச் சுவருக்கு என்ன செய்யலாம்? படுக்கையறை ஹைலைட் சுவர்: கேள்வி பதில்

படுக்கையறையின் நான்கு சுவர்களில் ஒன்றை மட்டும் வேறு நிறத்தாலோ வேறு பொருளாலோ தனித்துக் காட்டுவதைத்தான் பெயின்டர்கள் ‘ஹைலைட் சுவர்’ என்கிறார்கள். இதுபற்றிக் கேட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் நிறத்திலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். எந்தச் சுவர், அது எந்த நிலையில் இருக்கிறது, எந்த வெளிச்சம் அதன்மேல் விழுகிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகே நிறத்தைப் பேச வேண்டும் என்பது உள் அலங்காரப் பணியில் நான் உறுதியாகக் கடைப்பிடிப்பது. கீழே உள்ள முதல் மூன்று பதில்களும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

கேள்வி (கோயம்புத்தூர்): பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் அலமாரி. எந்தச் சுவரை எடுத்துக்கொள்வது?

பதில்: கட்டிலின் தலைமாட்டுச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நுழைபவரின் பார்வை முதலில் கட்டிலுக்கே போகிறது. அதன் பின்னால் இருக்கும் சுவர் அழுத்தமான நிறத்தில் இருந்தால் கட்டிலும் சுவரும் சேர்ந்து ஒரே காட்சியாக நிற்கும். படுத்த பிறகோ அந்தச் சுவர் உங்கள் கண்ணிலேயே படாது. ஆகவே கூடத்தில் வைக்கத் தயங்கும் அளவுக்கு ஆழ்ந்த நிறத்தையும் இங்கே துணிந்து வைக்கலாம். கால்மாட்டுச் சுவர் இதற்கு நேர்மாறானது. தூக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் சுவர் அது என்பதால் அமைதியாகவே இருக்கட்டும்.

ஜன்னல் உள்ள சுவரை விட்டுவிடுங்கள். பகலில் வெளியிலிருந்து வரும் ஒளியின் கூச்சத்தில் அந்தச் சுவர் இருண்டே தெரியும். எவ்வளவு நல்ல நிறம் அடித்தாலும் வீணாகும். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது பெரும்பாலான நம் வீடுகளில் இன்றும் மாறாத வழக்கம். எனவே கட்டில் எந்தப் பக்கம் வரும் என்பதை வீட்டுப் பெரியவர்களோடு பேசி முடித்துவிட்டுப் பெயின்டரை அழையுங்கள். சுவரை முடித்தபின் கட்டிலைத் திருப்பினால் செய்த வேலைக்குப் பொருளே இருக்காது.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் வினைல் வால்பேப்பர் ஒட்டினோம். ஏசி அறை. ஒரே ஆண்டில் ஓரங்கள் எழும்பி, பின்னால் கறுப்புப் புள்ளிகளும் பூசண வாடையும் வந்துவிட்டன. பசை சரியில்லையா?

பதில்: பசையைக் குறை சொல்வதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும். சென்னையின் வெளிக்காற்று ஆண்டில் பல மாதங்கள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தது. உள்ளே ஏசி சுவரைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறது. செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள நுண்துளைகள் வழியாக வெளியிலுள்ள நீராவி குளிர்ந்த உட்பக்கத்தை நோக்கி நகர்கிறது. சாதாரண எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) பூச்சாக இருந்தால் அந்த ஈரத்தில் ஒரு பகுதி அறைக்குள் வெளியேறி ஏசியால் உலர்த்தப்பட்டுவிடும். வினைல் ஒரு பிளாஸ்டிக் படலம். அது ஈரத்தை வெளியே விடுவதில்லை. அதன் பின்னால் தேங்கும் ஈரத்தில், பசையையும் காகிதத்தையுமே உணவாகக் கொண்டு பூசணம் வளர்கிறது. வெளிப்பூச்சில் விரிசல் இருந்தால் மழைநீரும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

முதலில் தாளை முழுவதும் உரித்து, பூசணத்தைத் துடைத்து, சுவரைக் காயவிடுங்கள். பிறகு ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். இரண்டடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இடைவெளியில்லாமல் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கத்தில் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் நின்றால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. உட்பக்கத்தில் நின்றால், வெளிச்சுவரின் விரிசல்களை அடைத்து வெளிப்புறப் பூச்சைச் சரிசெய்யும் வரை உள்ளே எந்த அலங்காரமும் வேண்டாம். அதன்பின்னும் இந்தச் சுவருக்கு ஈரத்தை வெளியேவிடும் மேட் எமல்ஷனே ஏற்றது. வால்பேப்பர்தான் வேண்டும் என்றால் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவரில் ஒட்டுங்கள். அங்கும் மறுபக்கம் குளியலறை இருந்தால், குழாய்க் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ஒட்ட வேண்டும்.

கேள்வி (மதுரை): கடை அட்டையில் அழகான மயில்நீலமாக இருந்தது, சுவரில் அடித்தபின் இரவில் மங்கிப் பச்சையாகத் தெரிகிறது. பெயின்ட் கலப்பதில் தவறா?

பதில்: தவறாகவே கலந்திருந்தாலும், இரவில் மட்டும் நிறம் மாறுவதற்கு அது காரணமாகாது. உங்கள் படுக்கையறையில் மஞ்சள் ஒளி தரும் எல்இடி இருக்கிறது என்று ஊகிக்கிறேன். 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையுள்ள விளக்குகளின் ஒளியில் நீலம் குறைவு. நீலமும் நீலப்பச்சையும் அதில் கறுத்து, பச்சைப் பக்கமாகச் சாயும். அதே ஒளியில் செங்கல், மஞ்சள்காவி, சந்தனம் போன்றவை செழித்துத் தெரியும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் இது தலைகீழாக நடக்கும். படுக்கையறைக்கு மஞ்சள் ஒளியே இதமானது என்பதால், விளக்கை மாற்றச் சொல்வதைவிட அதன்கீழ் நன்றாகத் தெரியும் நிறத்தைத் தேடச் சொல்வேன்.

அட்டையிலுள்ள சிறு கட்டத்தை நம்பி எந்த நிறத்தையும் முடிவு செய்யாதீர்கள். சிறு டப்பா ஒன்று வாங்கி, கட்டில் வரும் இடத்திலேயே இரண்டடிக்கு இரண்டடி அளவில் இரண்டு கோட் அடித்து, காலை, பிற்பகல், இரவு மூன்று வேளையும் பாருங்கள். பரப்பு பெரிதாகும்போது நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும்; ஆகவே மனதுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளுத்ததை எடுப்பது பெரும்பாலும் சரியாக அமையும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் அடியிலுள்ளதை எளிதில் மறைக்காதவை. பெயின்டர் மூன்றாவது கோட் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): புது வீடு. அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். பூச்சு முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆழ்ந்த பச்சை அடிக்கலாமா ஐயா?

பதில்: இப்போது வேண்டாம். சிமென்ட் பூச்சு இறுகுவதற்கே 28 நாட்கள் வேண்டும். அதற்குப் பிறகும் சுவருக்குள் இருக்கும் நீர் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். புதுப் பூச்சின் காரத்தன்மையும் உள்ளிருந்து மேலே வரும் உப்பும் சேர்ந்து ஆழ்ந்த நிறத்தை வெளுக்கச் செய்யும். வெள்ளைச் சுவரில் உப்புப் பூத்தால் கண்ணில் படாது. பச்சையில் திட்டுத் திட்டாகத் தெரியும். விழாவுக்கு மற்ற சுவர்களைப் போலவே இதற்கும் பிரைமரோடு ஒரு வெளிர்நிறக் கோட் போதும். ஒரு கோடை கடந்த பிறகு, உப்பு வந்த இடங்களைத் தேய்த்து, பட்டி பார்த்து, விரும்பிய பச்சையை அடியுங்கள்.

கேள்வி (பெங்களூரு): வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் மாற்றக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். எங்களுக்கு வழியே இல்லையா?

பதில்: நிச்சயமாக இருக்கிறது, துணி இருக்கும்வரை வாடகை வீட்டிலிருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சேலையின் அகலம் ஏறத்தாழ 45 அங்குலம், நீளம் ஐந்தரை மீட்டர். ஜன்னல் திரைக்கான, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும் கம்பியை இரு பக்கச் சுவர்களுக்கும் நடுவில் இறுக்கிப் பொருத்தினால் ஆணி தேவைப்படாது. அறை அகலமாக இருந்து கம்பி தொய்யுமானால், கட்டிலின் இரு புறமும் அடிக்கட்டையோடு கூடிய கம்பங்களை நிறுத்தி அதில் மாட்டலாம். அரக்கும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட காரைக்குடிக் கண்டாங்கியைக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டால், தலைமாட்டுக்கு மேலே நான்கடி உயரத்துக்கு நிறம் நிறைந்துவிடும். பாட்டியின் பழைய சேலையாக இருந்தால், வெட்டாமல் அப்படியே மாட்டுங்கள். வீடு மாறும்போது மடித்து எடுத்துச் செல்லலாம். பவானி ஜமக்காளமும் அழகுதான், ஆனால் கனமானது. கம்பங்கள் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்டெம்பர் என்ற மலிவான பூச்சு அடித்த சுவரில் ஒட்டுப்பட்டைகளை நம்ப வேண்டாம். அவை பூச்சோடு சேர்ந்து உரிந்து வரும், பிறகு வீட்டுக்காரரோடு மனவருத்தம்.

கேள்வி (சேலம்): மகனுக்கு வீசிங் உண்டு. அவன் அறையில் டெக்ஸ்சர் பெயின்ட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அதன் மேடுபள்ளங்களில் தூசி தங்கும். ஈரத்துணியால் துடைப்பதும் கடினம். துடைக்கக்கூடிய வழவழப்பான எமல்ஷனே அவனுக்கு நல்லது. வாடை குறைவான வகையாகக் கேட்டு வாங்கி, அடித்தபின் சில நாட்கள் ஜன்னலைத் திறந்து வைத்து, அதுவரை பையனை வேறு அறையில் படுக்க வையுங்கள். வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. பழைய இருப்பை மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பழைய எனாமல் பூச்சைச் சுரண்ட நேர்ந்தால், குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் வெளியே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (திருச்சி): பன்னிரண்டடி அகலம், பத்தடி உயரம் உள்ள உட்சுவர். வால்பேப்பர் எத்தனை ரோல் வாங்குவது?

பதில்: வழக்கமான ரோல் 21 அங்குல அகலமும் 33 அடி நீளமும் கொண்டது, பரப்பு சுமார் 57 சதுர அடி. உங்கள் சுவர் 120 சதுர அடி என்பதால் இரண்டு ரோலும் சிறிதும் போதும் என்று தோன்றும். ஆனால் தாளைப் பட்டை பட்டையாகத்தான் ஒட்ட வேண்டும். உங்களுக்கு ஏழு பட்டைகள் தேவை. ஒரு ரோலில் மூன்று பட்டைகளே வெட்ட முடியும். ஆகவே மூன்று ரோல் வாங்குங்கள். சித்திரம் பெரியதாக இருந்தால் பொருத்துவதற்கு இன்னும் வீணாகும், ஒரு ரோலில் கிடைக்கும் பட்டைகளின் எண்ணிக்கை குறையும், கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே தயாரிப்புத் தொகுதியாக இருப்பது அவசியம்.

கேள்வி (காரைக்குடி): ஆத்தங்குடி டைல்ஸைத் தலைமாட்டுச் சுவரில் பதிக்க விரும்புகிறோம். சரிவருமா?

பதில்: தாராளமாகப் பதிக்கலாம், ஆனால் சுவர் முழுவதும் வேண்டாம். கண்ணாடித் தட்டின்மேல் நிறச் சாந்தை ஊற்றி, சிமென்டும் மணலும் வைத்துக் கையால் செய்து, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துப் பதமாக்கும் கல் அது. சாதாரணச் சுவர் டைல்ஸைவிடத் தடிமனும் கனமும் அதிகம். செங்கல் சுவர் தாங்கும். ஜிப்சம் பலகைத் தடுப்பில் நினைக்கவே வேண்டாம். பெயின்டையும் பட்டியையும் பூச்சு தெரியும்வரை சுரண்டிவிட்டே பதிக்க வேண்டும், இல்லையென்றால் கல் பட்டியோடு பெயர்ந்து தலைமாட்டில் விழும். தரையிலிருந்து மூன்றரை அல்லது நான்கடி உயரம் வரை பதித்து, மேலே ஒரு தேக்குச் சட்டம் ஓடவிட்டு, அதற்கு மேல் சுண்ணாம்பு வெள்ளையை அப்படியே விடுங்கள். பூவேலை உள்ள கல்லை நடுவில் கட்டிலின் அகலத்துக்கு மட்டும் வைத்து, இரு புறமும் ஒற்றை நிறக் கல்லால் முடித்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். கட்டிலின் இருபுறமும் வரும் சுவிட்ச் பெட்டிகளைக் கல்லின் தடிமனுக்கு ஏற்ப முன்னே கொண்டுவர வேண்டும். ஆகவே எலெக்ட்ரீஷியன் வேலை முடிந்த பிறகே கொத்தனாரை வரச் சொல்லுங்கள்.