சட்டத்தரணியின் கறுப்புக் கோட்டு ரொறன்ரோவிலும் செல்லுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். எல்எல்பி சட்டப் பட்டம் முடித்து, சட்டக் கல்லூரித் தேர்வும் எழுதி, 5 வருடமாகப் புதுக்கடை நீதிமன்றங்களில் சட்டத்தரணியாக இருக்கிறேன். ரொறன்ரோவில் கலியாணம் சரிவந்திருக்கிறது. “இரண்டும் ஆங்கிலச் சட்டம்தானே, வந்து பதிந்தால் போதும்” என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். உண்மையா?

பதில்: இல்லை. அவர்களிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

நம்முடையது ஆங்கிலச் சட்டம் என்பதே பாதிதான் சரி. சாட்சியச் சட்டம், வணிகச் சட்டம் அப்படி. ஒப்பந்தமும் காணியும் ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். வடக்குக் காணி என்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் சேரும். கனடாவில் இதையெல்லாம் எடைபோடுவது என்சிஏ என்ற அங்கீகாரக் குழு. எந்த நாட்டுச் சட்டமுறை, வகுப்பில் இருந்து படித்ததா வெளிவாரியா, புள்ளிகள், அனுபவம் எல்லாம் பார்த்து, எழுத வேண்டிய பாடங்களைச் சொல்லும். அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், கனேடியச் சட்ட அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் ஆகிய 5 பாடங்களிலிருந்து தப்ப முடியாது. இணையவழித் தேர்வு, புத்தகம் பார்த்து எழுதலாம். அதை நம்பிப் படிக்காமல் உட்கார்ந்தால், பக்கத்தைத் தேடியே நேரம் போய்விடும்.

விசா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இங்கிருந்தே தொடங்குங்கள். குறிப்பாகக் கடதாசி வேலைகளை. புள்ளிப் பத்திரத்தை நீங்கள் அனுப்பினால் சரிவராது, படித்த நிறுவனமே நேரே அனுப்ப வேண்டும். சட்டத்தரணியாக நன்னிலையில், அதாவது ஒழுக்கப் பிரச்சினை எதுவுமின்றி, இருப்பதற்கான சான்றும் தேவை. அப்புறம் பெயர்! பட்டச் சான்றில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் முழுதாக, கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு என்றிருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி இப்போதே முடித்து வையுங்கள். ஊருக்கெல்லாம் முடித்துக் கொடுக்கும் சட்டத்தரணிகள் நாம், நமக்கென்றால் மறந்துவிடுவோம்.

பாடங்களை முடித்து என்சிஏ சான்று கிடைத்தாலும் அது உரிமமல்ல. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்துச் சட்டச் சங்கத்தின் உரிமத் தேர்வுகளும் பயிற்சிக் காலமும் இருக்கின்றன. அனுபவத்தைக் காட்டிப் பயிற்சியில் விலக்குக் கேட்கலாம். உங்கள் சீனியரிடம் விவரமாக ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

அதுவரை அங்கே ‘லோயர்’ என்று கார்ட் அடிக்காதீர்கள், உரிமமின்றித் தொழில் செய்வது குற்றம். ஆனால் வெளிநாட்டுச் சட்ட ஆலோசகர் என்றொரு அனுமதி உண்டு. அதை எடுத்தால் இலங்கைச் சட்டம் பற்றி மட்டும் ஆலோசனை சொல்லலாம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் ஸ்காபுரோவில் நிறையப்பேர் இருக்கிறார்கள்.